அடுத்த ஊருக்குத் தள்ளியது

எனக்கு வாய் அதிகம் என்று ஊரில் சொல்வார்கள். உண்மைதான். ஆற்றங்கரையில் குப்பைக் கவரோடு நிற்கிறவர்கள், என் ஸ்கூட்டி வருவதைப் பார்த்தால் கவரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வார்கள். பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். பிள்ளைகளிடம் கத்தியதுபோக மிச்சமிருக்கும் குரலை ஆற்றுக்கு வைத்திருந்தேன். "ஊருக்கெல்லாம் டீச்சரா இரு, வீட்டுக்கு வரும்போது மட்டும் டீச்சர வாசல்லயே விட்டுட்டு வா" என்பார் என் கணவர்.

எங்கள் ஊர் குடவாசலுக்குக் கிழக்கே இருக்கிறது. காவிரி பிரிந்து, பிரிந்தது மறுபடி பிரிந்து, எங்களிடம் வந்து சேரும்போது ஆறு என்ற பெயர் மட்டும்தான் பெரிதாக இருக்கும். ஆனாலும் வயலுக்குத் தண்ணீர் தருவதும் அதுதான், கார்த்திகை மழையில் வயலில் மிஞ்சும் தண்ணீரைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டியதும் அதுதான். அந்த ஆற்றை வெங்காயத்தாமரை மூடிவிட்டது. பேப்பரில் ஆகாயத்தாமரை என்று எழுதுகிறார்கள். ஊதா நிறத்தில் பூக்கும், பார்க்க அழகாகத்தான் இருக்கும். இரண்டு கரைக்கும் நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கண்ணில் படாது.

முந்தின வருடம், ஆற்றில் எங்களுக்கு மேலே இருக்கிற ஊர்க்காரர்கள் அவர்கள் பக்கத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று மொத்தத்தையும் எங்கள் பக்கம் தள்ளிவிட்டார்கள். நான் நேரே போய்ச் சண்டை போட்டேன். "உங்க வீட்டுக் குப்பைய என் வீட்டு வாசல்ல கொட்டுவீங்களா?" என்று அவர்கள் ஊர் டீக்கடையில் வைத்து எல்லோர் முன்னாலும் கேட்டேன். திரும்பி வரும்போது எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

இந்த முறை நாமே இறங்குவோம் என்று இருபது பேர் சேர்ந்தோம். பாதிப் பேர் நடவுக்கும் களைக்கும் போகிற பெண்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் செடியை அரிவாளால் பாய் பாயாக அறுப்போம். ஒரு நீல நைலான் கயிற்றை ஆற்றின் குறுக்கே போட்டு, அறுத்ததைச் சுற்றி வளைத்து, கரையில் நின்று இழுப்போம். ஒவ்வொரு பாயும் தண்ணீரைக் குடித்து, பிரசவத்துக்கு நிற்கும் எருமை கனம் கனக்கும். கயிறு இரண்டு தடவை அறுந்து ஆற்றோடு போயிற்று. ஐந்து வாரம் இழுத்தோம். முக்கால்வாசி முடிந்தது.

ஆறாவது வாரம் பன்னிரண்டு பேர்தான் வந்தார்கள். வந்தவர்களுக்கும் கை தூக்க முடியவில்லை. அப்போதுதான் ஒருவர் சொன்னார், "டீச்சரம்மா, இடுப்பு ஒடிஞ்சு போச்சு. ஷட்டரத் தூக்கச் சொல்லுங்க. மிச்சத்தத் தண்ணியே கொண்டு போயிடும்."

இது எங்கள் பக்கத்து வழக்கம். மராமத்து என்றால் அவரவர் எல்லை அவரவருக்கு. எங்கள் ஊர் எல்லை, ஆற்றின் குறுக்கே தண்ணீரைத் தடுக்கிற ஷட்டரோடு முடிகிறது. ஷட்டரைத் தாண்டிவிட்டால் அது எங்களுடையது இல்லை. அப்பா காலத்திலும் அப்படித்தான், அவருக்கு முன்னாலும் அப்படித்தான். அதைத் தப்பென்று யாரும் நினைத்ததில்லை. டீக்கடையில் நின்று கத்திய நான் ஒருத்திதான் நினைத்திருந்தேன்.

ஷட்டரை ஏற்றி இறக்குகிற லஸ்கர் அண்ணனைக் கூப்பிட்டோம். அவர் சைக்கிளை விட்டு இறங்காமலே கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தார்.

"தூக்குறேம்மா. ஆனா ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்பாங்க. கீழ பாலம் ரொம்பச் சின்னதும்மா."

"கடல் பெருசுதானேண்ணே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் ஷட்டரைத் தூக்கினார். மூங்கில் கழியால் நான்தான் முதலில் தள்ளினேன். அரைமணி நேரத்தில் ஆறு வெறும் தண்ணீராகக் கிடந்தது. வெயில் பட்டு அடியில் மணல்கூடத் தெரிந்தது. போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போட்டோம். அது எங்கெங்கோ போயிற்று. சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள்.

"எங்க ஊரு குரூப்புலகூட வந்துருக்குடி. என் தங்கச்சின்னு எல்லார்ட்டயும் காட்டுனேன்."

அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவளைக் கட்டிக்கொடுத்தது கீழே கடைமடைப் பக்கம், எங்களிடமிருந்து நாலாவது ஊர். எங்கள் அப்பா அம்மா பண்ணையில் கூலி வேலை பார்த்தவர்கள். நான் பள்ளிக்கூடம் போனபோது அக்கா எட்டாவதோடு நின்று நடவுக்குப் போனாள். இரண்டு பேருமே படிக்க வீட்டில் வழியில்லை. யார் நிற்பது என்று யாரும் பேசியதாக நினைவில்லை, அவள் நின்றுவிட்டாள். முப்பது வருடம் ஊரார் வயலில் நாற்று நட்டவள், போன வருடம்தான் மாமாவும் அவளுமாக ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர், சொந்தமாக வாங்கினார்கள். அந்த சம்பாதான் அவளுக்குச் சொந்த வயலில் முதல் நடவு. நடவன்று போனில் வீடியோ காட்டினாள். வரப்பில் நின்று மற்றவர்களை வேலை வாங்கத் தெரியாமல், தானும் இறங்கி நட்டுக்கொண்டிருந்தாள்.

கார்த்திகை மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. எங்கள் வயல் தண்ணீரெல்லாம் மடமடவென்று வடிந்தது. சுத்தம் செய்த ஆறு என்று ஊரே சொன்னது. பஞ்சாயத்தில் எனக்குச் சால்வை போடப்போவதாகப் பேச்சு. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாலாவது நாள் காலையில் அக்கா கூப்பிட்டாள்.

"வயலு தெரியலடி" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

பஸ் பாதி வழிதான் போயிற்று. மீதியை நடந்தேன். அவர்கள் ஊர்ப் பாலத்துக்கு வந்ததும் நின்றுவிட்டேன். பாலத்தின் மூன்று கண்ணும் அடைத்து, ஆள் உயரத்துக்கு வெங்காயத்தாமரை குவிந்து கிடந்தது. தண்ணீர் போக வழியில்லாமல் இரண்டு பக்கமும் வயலில் ஏறியிருந்தது. இதெல்லாம் எங்களுடையதாக இருக்காது, வழியில் மூன்று ஊர் இருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது வேர்களுக்குள் நீல நைலான் கயிறு தெரிந்தது.

அக்கா இடுப்பளவுத் தண்ணீரில் நின்று செடியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். மாமாவும் இன்னும் ஏழெட்டுப் பேரும் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கரையேறி வந்தாள். கை முழுக்கக் கீறல்.

"தூர் கட்டுற பயிருடி. தண்ணிக்குள்ள முங்கி நாலு நாளாச்சு. இன்னைக்குத் தலை வெளிய வந்தாத்தான் உண்டு, இல்லாட்டி அழுகிடும். செடிய அள்ள மெஷின் கேட்டோம், வேற ஊருல நிக்குதாம், நாளக்கித்தான் வருமாம்." பிறகு குவியலைப் பார்த்துச் சொன்னாள், "மேல எவனோ தள்ளிவிட்டுருக்கான். என் வயிறு எரியிற மாதிரி அவன் வயிறும் எரியணும்."

அவள் யாரையும் சபித்து நான் கேட்டதில்லை. பண்ணையில் கூலியைக் குறைத்துக் கொடுத்த நாளில்கூட அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"நாங்கதாங்க்கா" என்றேன். "நான்தான் தள்ளச் சொன்னேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் போட்டோவத்தான நான் எல்லாருக்கும் காட்டுனேன்" என்று மட்டும் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. அவள் எதிரில் அழ எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று அடக்கிக்கொண்டேன்.

மாமாவும் மற்றவர்களும் பாலத்தின் மேல் ஏறிவிட்டார்கள். குவியலைத் துண்டு துண்டாக வெட்டிப் பாலத்தின் கண் வழியாக அந்தப் பக்கம் தள்ளிவிடுவது என்று முடிவாகியிருந்தது. நான் ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன்.

"வேணாம் மாமா. கரையில எடுத்துப் போடுவோம். கயிறு கட்டி இழுக்கலாம், நான் சொல்லித் தர்றேன்."

அக்கா கேட்டாள்.

"எத்தன நாள் ஆகும்?"

எட்டுப் பேர், ஊறி வழுக்குகிற கரை. எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "ரெண்டு நாள்."

"என் பயிருக்கு ரெண்டு நாளு இல்ல. உன் வயல்ல தண்ணி வடிஞ்சிடுச்சு, நீ இப்ப நல்லது கெட்டது பேசலாம். கீழ இருக்கறவங்களும் மனுசங்கதான், எனக்குத் தெரியாதா? நீ தள்ளும்போது தெரிஞ்சுதா உனக்கு?"

நான் வாயாடி. யாருக்கும் பதில் வைத்திருப்பவள். அன்று விலகி வழிவிட்டேன்.

அவள் ஒரு கழியை எடுத்தாள். நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடாதவள், கையில் வலு இல்லை, கழி குவியலில் ஏறவேயில்லை. நான் அதை அவள் கையிலிருந்து வாங்கினேன். பாலத்தின் கைப்பிடியில் வயிற்றை அண்டக் கொடுத்து, குனிந்து, முழு பலத்தோடு தள்ளினேன். முதல் பாய் கண்ணுக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வெளிவந்தது. அடுத்ததையும் தள்ளினேன். மத்தியானம் வரை நிறுத்தவில்லை.

மூன்று மணிக்கு ஒரு சாண் தண்ணீர் இறங்கியிருந்தது. அக்காவின் வயலில் அங்கங்கே பயிரின் நுனி தெரிந்தது. அவள் வரப்பில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டுவிட்டுப் போ என்று மாமாதான் சொன்னார்.

நான் பாலத்தில் நின்று கீழே பார்த்தேன். நாங்கள் தள்ளியது வளைவு வரை பச்சையாக மிதந்து போய்க்கொண்டிருந்தது. வளைவுக்கு அப்பால் எந்த ஊர் என்று எனக்குத் தெரியும், அங்கேயும் பாலம் சின்னதுதான். அந்த ஊரில் எனக்கு உறவென்று யாரும் இல்லை. அன்றைக்கு அது எனக்கு நிம்மதியாக இருந்தது.