வலப்பக்கத்து ஸ்பீக்கர்

என் வலது காது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நின்றுபோனது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. பல் துலக்கும்போது குழாய்ச் சத்தம் ஒரு பக்கமாக மட்டும் விழுந்தது. குளித்தபோது தண்ணீர் புகுந்திருக்கும் என்று தலையைச் சாய்த்துத் தட்டினேன். நான் இன்னும் குளிக்கவே இல்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. தொண்ணூறுகளின் பிற்பாதி. தி.நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், ஜாக்கெட் துணிக் கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்ன கம்பெனியில் வேலை. கையில் தூக்கிக்கொண்டு போகிற கம்ப்யூட்டரை உதிரி உதிரியாக வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, இங்கே பூட்டி விற்பார்கள். எல்லாமாக ஆறு பேர். நான் எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ படித்தவள், ஆனால் எனக்குக் கொடுத்திருந்த வேலை காதால் செய்கிற வேலை.

அந்த மிஷின்களுக்கு ஸ்பீக்கர் அடிப்பக்கத்தில், தரையைப் பார்த்தபடி இருக்கும். யாருக்குப் பாடுகிறது என்று கேட்கத் தோன்றும். மேஜையில் வைத்தால் சத்தம் பலகையில் பட்டு ஓரளவாவது வெளியே வரும். நம் ஜனங்கள் மேஜையிலா வைக்கிறார்கள்? சூடு தாங்காமல் மடியில் ஒரு தலையணையைப் போட்டு, அதன் மேல் மிஷினை வைத்துக்கொள்வார்கள். தலையணை பாட்டு மொத்தத்தையும் தின்றுவிடும். வாங்கினவர்கள் மாடியேறி வந்து சண்டை போட்டார்கள்.

அதனால் முதலாளி ஸ்பீக்கரை இடம் மாற்றச் சொன்னார். முதலில் கீபோர்டுக்கு முன்னால் இரண்டு ஓரத்திலும் வைத்தோம். தட்டுகிறவரின் மணிக்கட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டது. பிறகு திரை மடிகிற இடத்துக்கு இருபுறமும், ஆளைப் பார்த்தபடி ஏற்றினோம். ஸ்பீக்கர் முன்னால் தள்ளுகிற காற்றைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டுவிடும், அதனால் பின்னால் ஒரு மூடிய அறை வேண்டும். கேமரா ஃபிலிம் வருகிற கறுப்பு டப்பாவைப் பாதியாக அறுத்து அந்த அறையைச் செய்தார் எங்கள் ஒயரிங்காரர். கோடம்பாக்கத்தில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் பல வருஷம் ஒயர் இழுத்தவர், என்னைவிட இரண்டு வயது சின்னவர். டப்பா வேண்டும் என்று சந்திலிருந்த போட்டோ ஸ்டுடியோக்காரரிடம் தினமும் போய் நிற்பார்.

அப்புறம் என் வேலை. கீழிருந்து ஒவ்வொரு ஸ்வரமாக மிஷினில் ஏற்றிக்கொண்டே போவேன். ஏதோ ஓரிடத்தில் பிளாஸ்டிக் மூடி கர்ரென்று அதிரும். எந்த மூலை, எந்தத் திருகு என்று சொல்வேன். ஒயரிங்காரர் அங்கே சைக்கிள் டியூப் ரப்பரை ஒட்டுவார். பிறகு இரண்டு ஸ்பீக்கரும் சமமாக இருக்கிறதா என்று கேட்டு, பெட்டியில் கையெழுத்துப் போடுவேன். சாந்தோமில் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் பத்து வயதிலிருந்து இரண்டாம் குரல் பாடியவள் நான். பக்கத்தில் நிற்கிறவள் மெட்டைப் பாடுவாள், அதில் போய் விழாமல் என் வரியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்தக் காதுக்குத்தான் முதலாளி சம்பளம் கொடுத்தார். அது போனது தெரிந்தால் வேலையும் போகும், இதில் புரிந்துகொள்ள ஒன்றுமில்லை.

அழுக்கு அடைத்திருக்கும் என்று தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி விட்டேன். ஒரு வாரம் விட்டேன். அடுத்த வாரமும் விட்டேன். மூன்று வாரம் கழித்து, கம்பெனியில் பல்வலி என்று சொல்லிவிட்டு, அடையாறில் ஒரு காது டாக்டரிடம் போனேன். கவட்டை மாதிரி இருந்த கம்பியைத் தட்டி, அது ரீங்கரிக்கும்போதே நெற்றியில் வைத்தார். சத்தம் இடது பக்கமாகவே ஓடியது. எத்தனை நாளாச்சு என்றார். சொன்னேன்.

"மொத ரெண்டு மூணு நாள்லயே வந்திருந்தீங்கன்னா மாத்திரை குடுத்துப் பாத்திருக்கலாம்மா" என்றார்.

வெளியே வந்து இளநீர் குடித்தேன். அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் நம்முடையதாக இல்லாமல் கிடக்குமே, அப்படித்தான் மனசு கிடந்தது. இளநீர்க்காரர் வழுக்கை வேண்டுமா என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறார். அவர் நின்றது வலப்பக்கம்.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் வேலையை விடு என்பார்கள். நான் ஏன் வேலைக்குப் போகிறேன் என்று மாமியார் ஏற்கெனவே வாரத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அதுவும் முழுக் காரணமில்லை. சொல்வதற்கு வேண்டிய தெம்பு எங்கேயோ போய்விட்டது. பாடகர் குழுவுக்கு மட்டும் தொண்டை சரியில்லை என்று சொல்லி நின்றுகொண்டேன். யாரும் வற்புறுத்தவில்லை, அது கொஞ்சம் சுருக்கென்றது.

எங்களுடையது ஒரு ஹாலும் இரண்டு அறையும் உள்ள வீடு. மாமியார், கொழுந்தன் குடும்பம், நாங்கள். கணவனும் மனைவியும் பேசிக்கொள்ள அங்கே இடமே இல்லை. ஸ்கூட்டர்தான் எங்கள் தனியறை. காலையில் லஸ், ஆழ்வார்பேட்டை, தேனாம்பேட்டை வழியாக என்னைத் தி.நகரில் இறக்கிவிட்டு அவர் தன் ஆபீசுக்குப் போவார். வழி நெடுக முகத்தைக் கொஞ்சம் திருப்பிப் பேசிக்கொண்டே ஓட்டுவார். புடவை கட்டியவள் பின்னால் ஒருபக்கமாகத்தான் உட்கார முடியும், கால் இரண்டும் இடப்பக்கம். அப்படி உட்கார்ந்தால் அவர் வாய்க்குப் பக்கத்தில் இருப்பது வலது காதுதான்.

அவர் பேசுவது முதுகு அசைவதில் தெரியும். நான் "ம்" என்பேன். கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு "ம்". கல்யாணமாகி ஏழு வருஷத்தில் இதற்கு மேல் என்ன சொல்லியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் இறங்கும்போது, "ஏம்மா, எம்மேல ஏதாவது கோவமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். நிஜமாகவே இல்லை. கோபப்படவும் மனசு வேலை செய்ய வேண்டும்.

வேலையில் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். இடப்பக்கத்து ஸ்பீக்கரை இடது காதால் கேட்பேன். பிறகு மிஷினை அப்படியே முதுகு காட்டத் திருப்பி வைத்து, வலப்பக்கத்து ஸ்பீக்கரையும் அதே காதுக்குக் கொண்டுவருவேன். இரண்டும் சுத்தமாக இருந்தால் கையெழுத்து. காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிட்டதாக எனக்குள் ஒரு கெட்டிக்காரத்தனம்.

ஒயரிங்காரர் ஒருநாள் பார்த்துவிட்டார்.

"இன்னாக்கா, மிஷின வடை மாதிரி திருப்பித் திருப்பிப் போட்டுக்கினு கீறீங்க?"

"புது முறை."

அவர் என் முகத்தைப் பார்த்தார். மறுநாளிலிருந்து பேச வரும்போது மேஜையைச் சுற்றிக்கொண்டு என் இடப்பக்கம் வந்து நின்றார்.

காது போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அடையாறில் நடன வகுப்பு நடத்துகிற ஒரு அம்மா ஆறு மிஷின் கேட்டிருந்தார். அவருக்கு நாலைந்து இடத்தில் வகுப்பு. பாடுகிறவரையும் வாசிக்கிறவரையும் எல்லா இடத்துக்கும் கூட்டிப்போக முடியாது, கேசட் தேய்ந்துபோகிறது, மிஷினில் பாட்டை ஏற்றிக்கொள்ளலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்கு அது பெரிய ஆர்டர். ஆறையும் கேட்டு, ஆறுக்கும் கையெழுத்துப் போட்டு வைத்தேன்.

அந்த அம்மா வந்தார். முதலாளி ஒரு மிஷினை மேஜையில் வைத்துப் பாட்டைப் போட்டார். நான் கேட்பதுபோல் அவர் கிட்டே வந்து குனியவில்லை. ஆடுகிறவர்கள் நிற்கிற தூரத்தில், மேஜைக்கு நேர் நடுவே, பத்தடி தள்ளிப் போய் நின்றார். அரை நிமிஷம் கேட்டார்.

"பாடறவங்க எங்க போயிட்டாங்க?" என்றார். "வயலின் இருக்கு, தாளம் இருக்கு. குரல் மட்டும் எங்கயோ செவுத்துக்குப் பின்னால கேக்குது. மிருதங்கத்துல கனமா கேக்கற தொப்பிப் பக்கம் சத்தமே இல்ல. இத வெச்சுக்கிட்டு எப்படி ஆடறது?"

முதலாளியும் போய் அதே இடத்தில் நின்று கேட்டார். ஒயரிங்காரரும் போனார். போன வேகத்தில் அவர் முகம் மாறிவிட்டது. ஒரு பக்கத்து ஸ்பீக்கருக்குச் சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் மாற்றிக் கோத்திருக்கிறார். ஒரு ஸ்பீக்கர் காற்றை முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும். தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் தங்கம். சேர்ந்து பாடினால் நடுவில் நிற்கிற குரலை இரண்டுமாகச் சேர்ந்து அழித்துவிடும். இரண்டு காது உள்ளவர்கள் எதிரே உட்கார்ந்தாலே, என்னவோ சரியில்லை என்று சொல்லிவிடுவார்கள். ஆறு மிஷினும் அப்படியே இருந்தன. ஆறிலும் என் கையெழுத்து இருந்தது.

"என் தப்பு சார். ஒயரு மாறிப்போச்சு. ஒரு மணி நேரத்துல சரி பண்ணிக் குடுத்துர்றேன்" என்றார் ஒயரிங்காரர்.

"இவ்ளோ வருஷம் ஒயர் இழுத்தவன் பண்ற வேலையாய்யா இது? நாளையிலேர்ந்து நீ வராத" என்றார் முதலாளி.

ஒயரிங்காரர் தரையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் சும்மா இருந்திருப்பேனோ என்னவோ.

"சார், எனக்கு வலது காது கேக்காது. ரெண்டு மாசமா. ஒவ்வொண்ணாத்தான் கேட்டேன்" என்றேன். யாரோ பஸ் ரூட் கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல் இருந்தது என் குரல்.

முதலாளி கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். ஒயரிங்காரரை நிறுத்தவில்லை. என்னையும் நிறுத்தவில்லை, ஆனால் அன்று மதியமே என்னைக் கொள்முதல் ஃபைல்கள் இருந்த மேஜைக்கு மாற்றினார். ஒயரை மாற்றிக் கோத்த பிறகு அந்த அம்மா மறுபடி நடுவில் நின்று கேட்டு, தலையை ஆட்டி, ஆறையும் எடுத்துக்கொண்டார். அந்தக் குரல் எப்படி நடுவுக்கு வந்தது என்று எனக்குத் தெரியாது. மற்றவர்கள் முகத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

சாயங்காலம் பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன். இன்றைக்குக் கணவரிடமும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே படியேறினேன். ஹாலில் பரணிலிருந்து இறக்கிய பெரிய பெட்டியை மாமியார் ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கு அத்தை பெட்டி?"

"ஏன், உனக்குத் தெரியாதா? உன் புருஷனுக்கு நாக்பூருக்கு மாத்தல். மூணு வருஷம். அவகிட்ட கேட்டுத்தாம்மா கையெழுத்துப் போட்டேன்னு சொன்னானே."

என் கணவர் உள்ளே கொழுந்தன் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நான் அடுப்படிக்குப் போய் அரிசி களைந்தேன். மூன்று தடவை களைந்தேனா நான்கு தடவையா என்று தெரியவில்லை.

மறுநாள் காலை லஸ் தாண்டியதும் முதுகு அசைய ஆரம்பித்தது. நான் "ம்" சொல்லவில்லை. ஆழ்வார்பேட்டையில் ஒரு மருந்துக் கடைக்கு முன்னால் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னேன். இறங்கினேன்.

"எனக்கு வலது காது கேக்காதுங்க. ரெண்டு மாசமாச்சு. நீங்க வண்டியில பேசினது எதுவும் கேக்கல."

விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு எஞ்சினையும் நிறுத்தினார்.

"'ம்' சொன்னியே."

"எல்லாத்துக்கும் சொன்னேன்."

"நான் போகட்டுமான்னு கேட்டேன்" என்றார். "நீ வேணாம்னு சொல்லுவேன்னுதான் கேட்டேன். சொன்னா, போக முடியாதுன்னு எழுதிக் குடுத்துட்டு இங்கயே இருந்திடலாம்னு. மூணு நாள் கேட்டேன். மூணு நாளும் 'ம்'னு சொன்னே. சரி, நான் இருந்தாலும் போனாலும் இவளுக்கு ஒண்ணுதான்னு நெனச்சுக்கிட்டு கையெழுத்துப் போட்டேன்."

இரண்டு மாதத்தில் முதல் தடவையாக எனக்கு வலித்தது. காதில் இல்லை. நெஞ்சுக்கு நடுவில், இன்ன இடம் என்று விரல் வைத்துக் காட்டுகிற அளவுக்கு வலித்தது. அவர் ஸ்டாண்டு போட்டுவிட்டு, வண்டியைச் சுற்றி வந்து என் இடப்பக்கம் நின்றார். மருந்துக் கடைக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போகட்டுமா?" என்று கேட்டார்.

"வேணாம்" என்றேன்.

"சரி" என்றார். உத்தரவு போன வாரமே வந்துவிட்டது, டிக்கெட்டும் எடுத்தாயிற்று என்று எனக்கு அப்போது தெரியாது. அவருக்குத் தெரியும். ஆனாலும் "சரி" என்றார், தலையைக்கூட ஆட்டினார்.

வண்டியைக் கிளப்பினார். நான் பழையபடி ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தேன். புடவை கட்டியவளுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. பாண்டி பஜார் போய்ச் சேரும்வரை அவர் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். அது அசைந்ததா, பள்ளத்தில் வண்டி குலுங்கியதா என்று சொல்ல முடியவில்லை. அவர் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது.