உறைந்த தேனும் என் மூன்று சோதனைகளும்

என் மகள் கட்டிக்கொள்ள விரும்பிய பையன் முதல்முறை எங்கள் உட்லண்ட்ஸ் வீட்டுக்கு வந்தபோது ஒரு பாட்டில் தேன் கொண்டுவந்தான். குளிர்நாட்டில் படித்தபோது தேனீ வளர்க்கும் குடும்பம் ஒன்றோடு தங்கியிருந்தானாம். பனி உருகியதும் புல்வெளியில் முதலில் தலைகாட்டும் மஞ்சள் களைப்பூ, ஆப்பிள் பூ, பேர் தெரியாத காட்டுப்பூக்கள், எல்லாவற்றிலும் தேனீக்கள் சேர்த்த வசந்தகாலத் தேன் என்றான்.

பாட்டிலைக் கவிழ்த்தேன். அசையவில்லை. வெண்ணெய் மாதிரி வெளுத்து உறைந்திருந்தது. எனக்குச் சந்தேகம் வந்தால் நாகரிகம் வெளியே போய்விடும். அவன் கண்ணெதிரே தண்ணீர் டம்ளரில் கொஞ்சம் போட்டேன், செய்தித்தாளில் கொஞ்சம் வைத்தேன், சாமி விளக்குத் தீப்பெட்டியை எடுத்துக் குச்சியில் தேனைத் தடவி உரசினேன். அசல் தேன் தடவிய குச்சி பற்றும் என்பார்கள்; பற்றவில்லை.

"சீனிப்பாகு" என்றேன்.

"இந்தத் தேன் சீக்கிரம் உறையும் அங்கிள். அதோட குணமே அதான்."

"தேக்கா மார்க்கெட்டுல நான் வாங்குன தேன் மூணு வருஷமா கண்ணாடி மாதிரி இருக்கு. எனக்கே கதை சொல்றீங்களா?"

காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினான். தேனிலேயே ஏமாற்றுகிறவனுக்குப் பெண் கிடையாது என்று தீர்ப்புச் சொன்னேன். அன்றோடு மகள் என்னிடம் பேசுவதை நிறுத்தினாள்.

இரண்டு வாரம் கழித்துத் தேக்கா கடைக்காரரிடம் இந்த வீரக்கதையை அளந்தேன். அவர் சிரித்தார். "நல்ல தேனும் உறையும்ணே. அப்படி வச்சா யாரு வாங்குறீங்க? அதான் உறையாம இருக்க நல்லாக் காய்ச்சுனதா பாத்து எடுக்குறேன். உறைஞ்சிருக்குன்னு ஒரு தடவை திருப்பிக் கொண்டாந்து சத்தம் போட்டது நீங்கதான்லா."

வீட்டுக்கு வந்து அவன் விட்டுப்போன பாட்டிலில் கரண்டியை விட்டு எடுத்தேன். நாக்கில் மணல்போல நெருடி, பிறகு கரைந்தது. தித்திப்பு அடங்கியதும் தொண்டையில் லேசான கசப்பு, வெட்டிய புல்லின் வாசனை. மூன்று சோதனை செய்த நான் வாயில் வைத்துப் பார்க்கவே இல்லை. வெட்கமாக இருந்தது.

மன்னிப்புக் கேட்பது என் ஜாதகத்தில் இல்லை. அதனால் தின்றேன். நாலே நாளில் பாட்டில் காலி. அவனுக்குப் போன் போட்டேன்.

"தம்பி, தேன் தீந்துபோச்சு."

"அடுத்த பாட்டிலுக்கும் டெஸ்ட் உண்டா அங்கிள்?"

"கிடையாது. வரும்போது அப்பா அம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மகள் குழாயை மூடினாள்.

"அப்பா" என்றாள்.