நான்கு தெய்வங்களுக்கு நடுவே ஒரு கண்ணாடி

பட்டப்படிப்பின் முதலாண்டில் எனக்கு வேண்டியிருந்தது ஒரு மேசை மட்டுமே. சிறிய ஆசைதான், ஆனால் தங்கச் சுரங்கத்தை ஒட்டிய கோரமண்டலில், தொழிலாளர்களுக்கென வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டின் அளவை அறிந்தவர்கள் அதைப் பேராசை என்றே சொல்லியிருப்பார்கள். முன்னறை ஒன்று, சமையலுக்கு ஒரு தடுப்பு, பின்னால் ஒரு சார்ப்பு, அவ்வளவே வீடு. தரையில் அமர்ந்து, மடியில் நோட்டை வைத்துக்கொண்டு எழுதினால் வரிகள் இடப்புறம் உயர்ந்து தொடங்கி வலப்புறம் போகப் போகச் சரிந்தன. தமிழ்ப் பேராசிரியர் என் கட்டுரையைத் திருப்பித் தரும்போது, "இந்த வரி எந்த லெவல் வரைக்கும் இறங்குதும்மா?" என்று கேட்டார். வகுப்பு முழுவதும், சுரங்கத்தின் ஆழத் தட்டுகளை லெவல் லெவலாக எண்ணும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். ஆகையால் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. எல்லோரும் சிரித்தார்கள்.

காலைப்பொழுது தண்ணீர்க் குழாயடியிலும் பகற்பொழுது கல்லூரியிலும் கழியும். விளக்கேற்றியதிலிருந்து இரவுச் சாப்பாடு வரையிலான நேரம்தான் என்னுடையது. அந்த நேரத்துக்கு ஒரு மேசை கிடைக்காவிட்டால் தேர்வில் தேறுவது கடினம் என்று அப்பாவிடம் சொன்னேன். நான் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள் என்பதாலோ என்னவோ, அவர் மறுபேச்சில்லாமல் ஞாயிற்றுக்கிழமை ஏலத்துக்குப் புறப்பட்டார்.

சுரங்கக் கம்பெனி அரசாங்கத்தின் கைக்கு மாறியபின், வெள்ளைக்கார அதிகாரிகள் ஒருவர் பின் ஒருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. அவர்கள் விட்டுச் சென்ற பொருள்கள் பங்களா வராந்தாக்களில் ஏலம் போயின. ஏலம் போனவை எங்கள் லைன்களுக்கு வந்து புதுப்பிறவி எடுத்தன. ஒரு வீட்டில், சூப் பரிமாறும் பீங்கான் தாழியில் இட்லி மாவு புளித்தது. இன்னொரு வீட்டில், தொப்பி மாட்டும் கொம்புத் தாங்கியில் கருவாடு காய்ந்தது. இவற்றில் எதையும் யாரும் விந்தையாகக் கருதவில்லை. பொருள் திடமாக இருந்தால் போதும், அதற்கொரு வேலை தானாகக் கிடைத்துவிடும்.

அப்பா டிம்பர் வேலை செய்பவர். பூமிக்கடியில், மேற்கல் இறங்கிவிடாதபடி மரங்களை முட்டுக் கொடுத்து நிறுத்துவது அவர் தொழில். தலைக்கு மேலுள்ள கல்லை இரும்புக் கோலால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டே அது நிற்குமா விழுமா என்று அங்கே தீர்மானிப்பார்கள். அப்பா மேசை தேர்ந்ததும் அப்படித்தான். வராந்தாவில் பொருள்களைத் துணியால் போர்த்தி வைத்திருந்தார்கள். அவர் ஒவ்வொரு போர்வைக்குள்ளும் கையைவிட்டு, விரல்முட்டியால் தட்டிக் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறார். ஓரிடத்தில் ஓசை மிக நன்றாயிருந்தது. உடனே கையை உயர்த்திவிட்டார். போர்வையை விலக்கிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. கண்ணால் பார்த்துக் கல்லை நம்புகிறவன் அதிக நாள் இருக்கமாட்டான் என்பது அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை.

கைவண்டி வாசலில் வந்து நின்றபோது அம்மா வெளியே வந்து பார்த்தாள்.

"மேசை வாங்கியாறேன்னு தானே போனீங்க?"

"மேசைதான். அசல் தேக்கு. தட்டிப் பாரு."

"மேல நிக்குதே, அது இன்னா?"

அப்பா அண்ணாந்து பார்த்தார். "அது கூட வந்துது" என்றார்.

அது ஒரு துரைசாணி தன்னை அலங்கரித்துக்கொண்ட மேசை. இரண்டு இழுப்பறைகள்; பின்புறம் எழும்பி நின்ற இரு கால்களுக்கு இடையே, ஆளின் இடுப்பு வரை காட்டும் முட்டை வடிவக் கண்ணாடி. இதே ஏலத்தில் இதனோடு சேர்த்துத் தள்ளிவிடப்பட்ட இன்னொன்றும் வண்டியில் இருந்தது: பொன்முலாம் பூசிய பெரிய மரச் சட்டம். அதற்குள் சிவப்புக் கோட்டு அணிந்த வெள்ளைக்காரர்கள் குதிரைமீது பாய்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னே நாய்கள், நாய்கள், நாய்கள்.

எதிர்வீட்டு அத்தை படத்தைக் குனிந்து ஆராய்ந்தார். உறவினர் அல்லர், ஆனால் எங்கள் வீட்டில் அவர் அறியாத பாத்திரமோ செய்தியோ கிடையாது.

"எதுக்கு இத்தினி நாயி?"

"நரி புடிக்கவாம்" என்றார் அப்பா.

"ஒரு நரிக்கா? அதான் கூடாரத்தத் தூக்கினு போயிட்டானுங்க."

மேசை முன்னறையில் இடம்பிடித்தது. இடது இழுப்பறை என் புத்தகங்களுக்கு. வலது இழுப்பறையில் அம்மா புளியையும் மிளகாய் வற்றலையும் போட்டாள். யாப்பிலக்கணத்துக்கு மெல்லிய புளிவாசம் ஏறியதைத் தவிர அதில் குறையொன்றுமில்லை. குறை கண்ணாடியால் வந்தது.

அதுவரை எங்கள் லைனில் இருந்தவையெல்லாம் உள்ளங்கை அளவுக் கண்ணாடிகள். முகத்தைத் தவணை முறையில்தான் பார்த்துக்கொள்ள முடியும். நெற்றி முடிந்து மூக்கு, மூக்கு முடிந்து வாய். தம்மை ஒரே நேரத்தில் முழுமையாகப் பார்க்கலாம் என்ற செய்தி பரவியதும், மாலை நேரத்தில் எங்கள் வாசல் ரேஷன் கடைபோல் ஆயிற்று. முதற்காட்சி சினிமாவுக்குப் போகிறவர்கள் மாராப்பில் ஊக்குக் குத்திக்கொள்ள வந்தார்கள். கல்யாணத்துக்குப் போகிறவர்கள் போகும்போதும் வந்தார்கள். எப்படியிருந்தோம் என்று சரிபார்க்கத் திரும்பும்போதும் வந்தார்கள். அத்தை தம் பக்கவாட்டுத் தோற்றத்தை முதன்முதலாகக் கண்டது அங்கேதான். நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு, "என் மாமியா இத்தினி வருசமா சொல்லினு இருந்தது பொய்யில்ல போலகீது" என்றார்.

மேசை எனக்கென்று வாங்கப்பட்டதை யாரும் மறக்கவில்லை. என்னை எழுப்பவும் இல்லை. "நீ படி பாப்பா, நான் உன் தலைக்கு மேலால பாத்துக்கறேன்" என்பார்கள். என் தலைக்கு மேல் ஒரு முகவாய், அதற்கு மேல் ஒரு சீப்பு, நோட்டின் மேல் பவுடர். கூட்டம் இல்லாத வேளையில் எதிரே என் முகம். வெண்பாவின் ஈற்றடியை மனனம் செய்கையில் என் வாய் எவ்வாறு கோணுகிறது என்பதை அறியும் தேவை எனக்கு முன்பு ஏற்பட்டதில்லை. இடைத்தேர்வில் நான் வாங்கிய மதிப்பெண்ணை வீட்டில் சொல்லவே கூசியது. ஆண்டுத் தேர்வும் நெருங்கிக்கொண்டிருந்தது. இதில் தவறினால் படிப்பை நிறுத்திவிடுவது என்பது முதலிலேயே பேசி முடிவான விஷயம். அப்பாவும் நானும் அதை மறுபடி வாயால் சொல்லவில்லை.

இரண்டாம் முறையாக வாய் திறந்தேன். "நைனா, கண்ணாடிய கயட்டிடுங்க."

"கயட்டி எங்க வெப்பாரு? என் தலை மேலயா?" என்றாள் அம்மா. லைனிலேயே பெரிய கண்ணாடி தன் வீட்டில் இருப்பதில் அவளுக்கு ஒரு நிமிர்வு வந்திருந்தது.

அப்பா பொன்முலாம் சட்டத்தைப் பார்த்தார். மறுநாளே நரிவேட்டையை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் கண்ணாடியைப் பொருத்தினார். அந்தப் படத்தை அத்தை கேட்டு வாங்கிப்போய், தம் வீட்டு மூங்கில் தட்டியில் காற்று புகும் ஓட்டையின்மீது ஆணியடித்து மாட்டினார். அத்தனை நாய்களும் அந்த மழைக்காலம் முழுவதும் வாடைக்காற்றைத் தடுத்துநின்றன.

சட்டமோ நீள்சதுரம், கண்ணாடியோ முட்டை வடிவம். நான்கு மூலைகளிலும் வெறும் பலகை தெரிந்தது. வெறுமையாக எதையும் விட்டுவைக்கும் இயல்பு அம்மாவுக்கு இல்லை. பழைய காலண்டர்களிலிருந்து பிள்ளையாரையும் முருகரையும் லட்சுமியையும் வெட்டி ஒட்டினாள். நான்காம் மூலைக்குக் காலண்டர் போதவில்லை. அத்தை தம் வீட்டிலிருந்து, தைலக் கடைக்காரர் கொடுத்த ஆஞ்சநேயரைக் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா சட்டத்தை மேசைக்கு நேர்மேலே சுவரில் மாட்டினார். அழகாகவே இருந்தது.

அன்று மாலை அத்தை வழக்கம்போலச் சீப்பும் பவுடர் டப்பாவுமாக வந்தார். கண்ணாடியின் முன் போய் நின்றவர், உயர்த்திய சீப்பைப் பாதியில் நிறுத்தினார். பின்பு வெளியே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

"சாமி முன்னால தலைய வாரலாமா?" என்று அம்மாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

அம்மா இதை எண்ணிப்பார்த்திருக்கவில்லை. "கூடாதுதான்" என்றாள்.

அத்தை சீப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கைகூப்பினார். உடனே கைகளைப் பிரித்தார். "நடுவுல நானில்ல நிக்கறேன். எனுக்கு நானே கும்புடு போட்டுக்கறதா?"

"கண்ண மூடிக்க."

அன்று முதல் எங்கள் வீட்டுக் கண்ணாடியின் முன் நின்றவர்கள் அனைவரும் கண்களை மூடிக்கொண்டே நின்றார்கள்.

ஒரே ஒரு மாலை நான் நிம்மதியாகப் படித்தேன். அடுத்த மாலை அம்மா விளக்கைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். அதன்பின் விபூதி மடல் வந்தது, பூ வந்தது, கற்பூரத் தட்டு வந்தது. என் நோட்டு ஒரு பக்கமாக நகர்ந்து, ஓரத்துக்குப் போய், கடைசியில் என் மடிக்கே திரும்பிவிட்டது. முன்பு பெண்களிடம் இழந்த மேசையை இப்போது தெய்வங்களிடம் இழந்தேன். பெண்களிடமாவது தள்ளி நிற்கச் சொல்லியிருக்கலாம்.

தேர்வுக்குச் சில வாரங்கள் இருக்கையில், ஒரு கல்லூரி விடுமுறைப் பகலில் தரை அடியிலிருந்து ஓர் உந்து உந்தியது. பாத்திரங்கள் ஒருமுறை ஒலித்து அடங்கின. ஏர் பிளாஸ்ட். ஆழத்தில் எங்கோ பாறை வெடித்திருக்கிறது. எங்கே, எவர்மேல் என்பது ஷிப்ட் மேலே வந்தால்தான் தெரியும். அந்த அதிர்ச்சி ஒவ்வொன்றிலும் லைன் முழுக்க உள்ள படங்கள் ஒரு பக்கமாகச் சாயும். சாய்ந்த படத்தை, அந்த வீட்டு ஆள் சுரங்கக் கூண்டான கேஜில் ஏறி மேலே வந்து வீடுசேரும் வரை யாரும் நேராக்குவதில்லை. இதை எவரும் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. முதலில் ஆள், பிறகுதான் படம்.

அம்மா கண்ணாடியைத் தொடவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் வீட்டு மாமாவும் அதே ஷிப்ட். இருவரும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் கழித்து அத்தை உள்ளே திரும்பி, கோணலாய்த் தொங்கிய கண்ணாடியைப் பார்த்தார்.

"இப்பத்தான் என் மூஞ்சி நேரா தெரியுது" என்றார்.

அம்மாவின் உதட்டோரம் சற்றே அசைந்தது. அதற்குள் சங்கு ஊதியது. ஆட்கள் வரத் தொடங்கினர். முதலில் மாமா வந்தார். அத்தை எழுந்து தம் வீட்டுக்குப் போனார். பின்னர் அப்பா, வழக்கம்போல் விறகுக்கென ஒரு மரத்துண்டைத் தோளில் சுமந்துகொண்டு, எதுவும் நடவாதவர்போல் வந்தார். வேறொரு ஷாஃப்ட், அடுத்த சுரங்கக் குழிப் பக்கமாம். யாருக்கும் பெரிய அடியில்லையாம். அம்மா மூக்கைச் சிந்திவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

அப்பா கண்ணாடியை நேராக்கினார். பிறகு சுவரைத் தட்டிக் கேட்டார். ஓசை அவருக்குப் பிடிக்கவில்லை.

"செவுரு நம்பிக்கையா இல்ல" என்றார்.

அடுத்த ஞாயிறு, மேசையின் இரு ஓரங்களிலும் பருத்த முட்டுமரங்கள் இரண்டு எழுந்தன. அவற்றின் தலையில் குறுக்காக ஒரு மரம், இடுக்குகளில் ஆப்புகள். சட்டத்தை அந்த அமைப்புக்குள் இறுக்கினார். பூமிக்கடியில் மலையைத் தாங்குவதற்கு என்ன செய்வார்களோ அதை ஒரு கண்ணாடிக்குச் செய்திருந்தார்.

"இனிமே ஊடே உயுந்தாலும் கண்ணாடி நிக்கும்."

"ஊடு உயுந்தா அதை யாரு பாக்கறது?" என்றாள் அம்மா.

இரு தூண்கள், மேலே உத்தரம், நடுவே விளக்கொளியில் மின்னும் பொற்சட்டம். பார்ப்பதற்கு அசல் கருவறைபோல் இருந்தது. தூண்களுக்கு இடையே மிஞ்சிய இடத்தை அளந்துபார்த்தேன். விளக்கைத் தூணோரமாக நகர்த்தினால் ஒரு நோட்டு விரித்து வைக்கலாம். இனி யாரிடமும் கேட்டுப் பயனில்லை என்று தோன்றியதால், கேளாமல் உட்கார்ந்தேன். அம்மா விளக்கேற்றிவிட்டுப் போனதும் நோட்டை விரித்து, தளையின் வகைகளை மெல்லிய குரலில் மனனம் செய்யத் தொடங்கினேன். மனனம் செய்கையில் முன்னும் பின்னும் சற்று அசைவது என் வழக்கம்.

அத்தை ஏதோ சண்டைச் செய்தியோடு படியேறினார். பாதி வாக்கியத்தில் அவர் குரல் நின்றது. கண்ணாடியில் பார்த்தேன். கழற்றிய செருப்பைக் கையில் பிடித்தபடி என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா உதட்டில் விரலை வைத்தாள். இருவரும் ஓசையின்றிப் பின்சார்ப்புக்குப் போனார்கள்.

மறுநாளும் அப்படியே நடந்தது. அதற்கடுத்த நாள், பக்கத்து வீட்டு ரேடியோவைக் குறைக்கச் சொல்லி அம்மா ஆளனுப்பினாள். என் பின்னால் குறுக்கே போவதை எல்லோரும் நிறுத்தினார்கள். ஊசி கடன் கேட்க வந்தவர்கூட நான் நோட்டை மூடும்வரை வாசலில் நின்றார். என் மேசைக்கும் படிப்புக்கும் கிடைக்காத மரியாதை, சாமிக்கு முன்னால் உட்கார்ந்து வாயசைத்ததும் கிடைத்துவிட்டது. சில நாள்களில் அத்தை எனக்குப் பின்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, கைகூப்பிக் கேட்கலானார். இது எனக்கு உறுத்தியது. ஒருநாள் திரும்பி உட்கார்ந்தேன்.

"அத்தை, இது மந்திரம் இல்ல. பாட்டு எப்படிக் கட்டறதுன்ற விதி. பரீட்சைக்குப் படிக்கிறேன்."

அத்தை ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"எனுக்குத் தெரியாதா? உங்க அம்மாவுக்குந்தான் தெரியாதா?"

நான் நோட்டை மூடப் போனேன்.

"படிக்கறேன்னு நீ சொன்னா, நான் பேசிக்கினேதான் இருப்பேன். என் வாயி அப்பிடி. சாமின்னாத்தான் அது மூடுது. எங்க ஊட்டுல போயி உக்காந்தா இந்தாளுக்குத் தண்ணி குடு, அந்தாளுக்குத் துண்டு குடு. இங்க கைய கூப்பினு உக்காந்தா ஒருத்தனும் கூப்பிட மாட்டான். நீ ஓது பாப்பா."

கண்ணை மூடிக்கொண்டார். நான் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். ஆசிரியத் தளை முடிந்து வெண்டளைக்கு வருவதற்குள் பின்னாலிருந்து குறட்டை கேட்டது. அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். எழுப்பலாமா என்று கண்ணாலேயே என்னைக் கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தேன். அத்தையின் பேச்சோடு ஒப்பிட்டால், குறட்டை படிப்புக்குப் பெரிய இடையூறில்லை.