ஓஸுக்குள் நின்ற ஆறு லிட்டர்

நான் பொய் சொல்லவில்லை. மருந்து கலக்கும் பேரலை மூன்று தடவை சோப்புத்தூள் போட்டுக் கழுவினேன். அதனால்தான் பாண்டியம்மாளின் மல்லிகைச் செடிகள் முறுக்கிக்கொண்டபோது எனக்குக் கோபம் வந்தது. தப்பான கோபம்.

வாடகைக்கு மருந்தடிப்பது என் தொழில். அலங்காநல்லூர்ப் பக்கம் கரும்புக்கும் மல்லிகைக்கும் முப்பது வருடமாக அடிக்கிறேன். பெட்ரோலில் ஓடும் பவர் ஸ்பிரேயர், இருநூறு லிட்டர் பேரல், நூறு மீட்டர் ஓஸ் குழாய், அதன் நுனியில் மருந்தைப் பீச்சும் கன். ஒருவர் கன் பிடிக்க, இன்னொருவர் பின்னால் ஓஸை இழுத்துவிட வேண்டும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். மிஷினை ஸ்டார்ட் பண்ண யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். இதைச் சொல்ல மாட்டார்கள்.

ஒரு நாள் கரும்புத் தோட்டத்தில் களைக்கொல்லி அடித்தேன். கரும்பை விட்டுவிட்டு, அகன்ற இலைக் களைகளை முறுக்கிக் கொல்லும் மருந்து. மல்லிகையும் அகன்ற இலைதான். மறுநாள் காலை பாண்டியம்மாள் தோட்டத்தில் மொட்டுப்புழுவுக்கு அடிக்கப் போனேன். பூவைப் பறித்து மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு அனுப்பிவிட்டு அவரே ஓஸ் இழுக்க வந்தார்.

“எல்லாம் கழுவிட்டீங்களாண்ணே?”

“நேத்தே கழுவியாச்சும்மா. எனக்கே பாடம் எடுக்காத.”

பத்து நாள் கழித்து போன் வந்தது. “வந்து பாத்துட்டுப் போங்கண்ணே.”

ஒரு வரிசையில் கொழுந்தெல்லாம் கயிறு திரித்தது போல முறுக்கிக் கிடந்தது. ஐந்து வயதுச் செடிகள். செத்தால் புதிதாக நட்டு, இந்த அளவுக்குப் பூக்க இரண்டு மூன்று வருடம் ஆகும். பத்து வரிசை மல்லிகையை விட்டால் அவருக்கு வேறு வருமானம் கிடையாது. இதெல்லாம் தெரிந்துதான் வாயைத் திறந்தேன்.

“உரத்த அள்ளிக் கொட்டியிருப்ப. செடி தாங்கல.”

“உரம் அம்புட்டு வரிசைக்கும் ஒண்ணாத்தாண்ணே போட்டேன். மத்த வரிசையெல்லாம் நல்லாத்தான நிக்குது?”

“மண்ணுல ஏதாச்சும் கோளாறு இருக்கும்.”

“அன்னைக்கு நீங்க எந்த வரிசையில ஆரம்பிச்சீங்க?”

நான் குனிந்து ஒரு கொழுந்தைக் கிள்ளிப் பார்த்தேன்.

“நாந்தான ஓஸ் இழுத்தேன். இதுலதான் ஆரம்பிச்சீங்க. பேரலக் கழுவுனீங்க, சரி. ஓஸக் கழுவுனீங்களா?”

கழுவவில்லை. சுருட்டிக் கட்டி வண்டியில் போட்டிருந்தேன். நூறு மீட்டர் ஓஸுக்குள் ஆறு லிட்டர் வரை நிற்கும். மறுநாள் மிஷின் முதலில் வெளியே தள்ளியது முந்தின நாள் களைக்கொல்லியைத்தான். அது தீரும்வரை அந்த வரிசையை அதில் குளிப்பாட்டியிருக்கிறேன். முப்பது வருடத்தில் எனக்கு உறைக்காதது ஓஸ் இழுத்தவருக்கு உறைத்தது.

“இப்ப என்ன செய்யச் சொல்ற?” என்று கத்தினேன்.

“கத்தாதீங்க. உங்க சத்தத்துக்குச் செடி துளுக்காது. கத்தரி எடுத்துட்டு வாரேன். முறுக்குனத எல்லாம் நீங்களே கவாத்து வெட்டுங்க. பொழைக்கிறது பொழைக்கட்டும்.”

அந்த வரிசையில் நாற்பது செடி. நாள் முழுக்கக் குனிந்து வெட்டினேன். அவர் தண்ணீர் பாய்ச்சினார். ஒரு மாதம் போனது. இருபத்தொன்பது துளிர்த்தன. செத்த பதினொன்றை மண்வெட்டியால் தோண்டி எடுத்ததும் நான்தான்.

களைக்கொல்லி அடித்தால், அந்த நிலத்திலேயே பேரலில் சோப்புத் தண்ணீர் ஊற்றி மிஷினை ஓட்டுங்கள். கன் வழியாக அது வெளியே வரட்டும். பிறகு நல்ல தண்ணீர். பூச்செடிக்குத் தனி ஓஸே வைத்துக்கொள்ளுங்கள். நான் இப்போது வைத்திருக்கிறேன்.

அடுத்த பருவத்தில் பாண்டியம்மாள் மறுபடி கூப்பிட்டார். புது ஓஸைக் காட்டினேன். தொட்டுப் பார்த்தார். எங்கே ஆரம்பிக்கட்டும் என்று கேட்டேன்.

“காலியாக் கெடக்குதுல்ல, அந்தப் பதினோரு குழியில ஆரம்பிங்க” என்றார்.