விரல்களை மடித்து அனுப்பிய வியாபாரி

இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவினர்களே, தெருவாரே, மந்தையை இன்னொருவர் பொறுப்பில் விட்டுவிட்டு எங்கள் வாசல்வரை நடந்து வந்திருக்கும் கிடைக்காரர்களே, உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் அன்பு. எங்கள் தந்தை, நாங்கள் அத்தா என்று அழைத்தவர், மண்ணுக்குள் போய் ஓராண்டு நிறைகிறது. பள்ளி மேடையிலும் கல்லூரி மேடையிலும் பேசிக் கேடயம் வாங்கியவள் நான். எந்தத் தலைப்பிலும் இரு அணிக்கும் வாதாடுவேன் என்ற பெருமை எனக்கு உண்டு. இந்தத் தலைப்பில் மட்டும் எனக்கு ஓரணிதான்.

அத்தா செஞ்சியில், கோட்டை மலை கண்ணில் படும் ஒரு குறுகிய தெருவில் பிறந்தவர். தோல் மண்டியில் வேலை பார்த்த தந்தையைச் சிறு வயதிலேயே இழந்தார். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. வெள்ளிக்கிழமைச் சந்தையில் பிறருடைய ஆடுகளைப் பிடித்து நிறுத்தும் கூலி வேலையில் தொடங்கி, சொந்தமாக வாங்கி விற்று, பிறகு ஒரு சிறிய வண்டி வாங்கி, ஆட்டு வியாபாரியாக நிமிர்ந்தார். அம்மாவை மணந்தார். என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார். விடியும் முன் சந்தைக்குப் போய், ஜும்மா தொழுகைக்கு முன் குளித்து வெள்ளைச் சட்டையோடு புறப்படுவார். சந்தையில் அவர் குரல் உயர்ந்ததைக் கேட்டவர் எவருமில்லை. அவரைக் கேலி செய்தவர்கள் நிறைய உண்டு.

"பாய், உன் தாடியவிட என் கிடா வெள்ளையா இருக்குது. இன்னும் இன்னா யோசிக்கிற?" என்பார் ஏழுமலை மாமா. மலையடிவாரத்தில் செம்மறி மேய்க்கும் குடும்பங்களுக்கு மூத்தவர் அவர். அத்தாவோடு பேரம் பேசியே நண்பரானவர்.

"தாடி காசு குடுத்து வாங்குனது இல்லியே ஏழுமலை," என்பார் அத்தா.

எங்கள் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. விற்பவர் கையும் வாங்குபவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் சேரும். விரலைத் தொட்டு, பிடித்து, அழுத்தி விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு அவர்கள் முகம் மட்டுமே தெரியும். அத்தாவின் வாழ்வை எனக்குப் புரிய வைத்ததும் அந்தத் துண்டுதான்.

தொடர்ந்து இரண்டு பருவமழை பொய்த்த ஆண்டு அது. ஏரிகள் வெடித்துக் கிடந்தன. மேய்ச்சல் காடு துடைத்த தரைபோல ஆயிற்று. வழக்கமாகக் கிடா மட்டுமே வரும் சந்தைக்குப் பெட்டை ஆடுகள் வரத் தொடங்கின. கிடாவை விற்றால் ஒரு வருமானம் போகும், பெட்டையை விற்றால் மந்தையே போகும். வெளியூர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. ஆட்டு வியாபாரிக்கு இதைவிட நல்ல காலம் வாய்ப்பதில்லை. அடிமாட்டு விலைக்கு எல்லாம் கிடைக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை ஏழுமலை மாமா தம் சினை ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். அத்தா துண்டைப் போட்டார். மாமா விரல்களை நீட்டினார். அத்தா அவற்றை ஒவ்வொன்றாக மடித்தார். முழுக் கையையும் மடித்து மூடி, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"இன்னா பாய், வெல சொல்லாம வெரல மடக்கிவுட்டா இன்னா அர்த்தம்?"

"சினை ஆடு. ஏத்த மாட்டேன்."

"நீ ஏத்தலன்னா அதோ நிக்கிறான் பாரு லாரிக்காரன், அவன் ஏத்தறான். ஆட்டுக்கு இன்னா ரேஷன் கார்டா இருக்குது? எதப் போட்டு காப்பாத்தச் சொல்ற?"

"அடுத்த சந்தை வரைக்கும் டைம் குடு. தீனிக்கு வழி பண்ணலன்னா நானே வாங்கிக்கிறேன், இன்னிக்கு இருக்கிற வெலைக்கே."

மாமா முணுமுணுத்துக்கொண்டே மந்தையைத் திருப்பினார். அவரைப் பார்த்து, பின்னால் நின்ற குடும்பங்களும் திருப்பின. அந்தக் குடும்பங்களின் பிழைப்பு முழுவதும் அத்தா சொன்ன ஒரு வார்த்தையில் தொங்கியது. கையில் ஒரு கட்டு வைக்கோல்கூட இல்லாமல் சொன்ன வார்த்தை.

வீட்டுக்கு வந்தவரை அம்மா சும்மா விடவில்லை. "ஊரே பஞ்சத்துல நாலு காசு பாக்குது. ஆடு வாங்காத ஆட்டு யாவாரிய நான் இங்கதான் பாக்கறேன்."

"தீனிக்கு எங்க போறதுன்னு சொல்லு. அப்புறம் திட்டு."

அம்மா திட்டிக்கொண்டேதான் வழி சொன்னார். "அனந்தபுரம் பக்கம் கெணறு இருக்கிறவங்க மல்லாட்டை போட்டாங்க இல்ல? கொடிய போரா போட்டு வச்சிருப்பாங்க. சும்மா கேட்டா யாரு குடுப்பா? கிடைக்குக் கேளுங்க."

வெளியூர் உறவினர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் பக்கம் வேர்க்கடலையை மல்லாட்டை என்போம். காய் பறித்த பின் காய்ந்த கொடி ஆட்டுக்கு நல்ல தீனி. கிடை என்பது இரவில் மந்தையை ஒருவர் நிலத்தில் அடைத்து வைப்பது. ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். அதற்கு நிலத்துக்காரர் கூலி தருவார். கூலிக்குப் பதிலாகக் கொடியைக் கேட்கச் சொன்னார் அம்மா.

அத்தா போனார். அனந்தபுரத்து விவசாயி ஒருவர் சிரித்தே விட்டார். "மண்ணுல ஈரமே இல்ல பாய். இப்ப கிடை போட்டா புழுக்கை காத்துல பறக்கும்."

"கிடை எழுந்ததும் டிராக்டர் வுட்டு மூடிடு. மழை பேஞ்சி பயிர் ஏறலன்னா, மறு வருசம் கிடை சும்மா போடச் சொல்றேன்."

"இத ஏழுமலை சொல்லட்டும். நீ இன்னா, ஆடு மேய்க்கிறவனா?"

"ஆடு இல்லன்னா நானும் இல்ல," என்றார் அத்தா.

விவசாயி கொடிப் போரை நோக்கி நடந்தார். பிறகு, "வண்டிய பின்னாடி வுடு," என்றார்.

ஆடு ஏற்றிய வண்டி கொடி ஏற்றி வந்தது. முதல் சுமையை அத்தா மந்தை நடுவில் அப்படியே கொட்டினார். பெருமிதத்தோடு நின்றவரின் கண் முன்னாலேயே கொழுத்த கிடாக்கள் முட்டி மோதி எல்லாவற்றையும் தின்று தீர்த்தன. சினை ஆடுகள் ஓரத்தில் நின்று வெறும் வாயை மென்றன.

மாமாவின் மனைவி பச்சையம்மாள் அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். "பாய்க்கு கிடா மேலதான் கண்ணு. யாவாரி கையால தீனி போட்டா அது கிடாவுக்குத்தான் போவும்."

அந்தச் சிரிப்பில்தான் அத்தாவுக்கு வழி பிறந்தது. வழக்கமாக வாங்கும் கிடாக்களை அவர் அங்கேயே பேசி முடித்தார். பஞ்ச விலை பேசவில்லை, நல்ல காலத்து விலையே பேசினார். கிடா போனதால் தீனிக்குப் போட்டி குறைந்தது. கிடா விற்ற காசில் குடும்பங்களின் அடுப்பு எரிந்தது. பெட்டைகள் தனிப் பட்டியில் நிம்மதியாகக் கொடி தின்றன. அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் கிடைக்காரர்களில் ஒருவர்கூடச் சினை ஆட்டைச் சந்தைக்குக் கொண்டு வரவில்லை. லாரிக்காரர்கள் அத்தாவை முறைத்துவிட்டுப் போனார்கள்.

ஒரு மனிதரும் ஒரு வண்டியும் போதாத வேலை அது. பள்ளிவாசல் இளைஞர்கள் டிராக்டரில் தண்ணீர்த் தொட்டி கொண்டு போனார்கள். மேல்மலையனூரில் அமாவாசைக் கூட்டத்துக்குக் கடை போடும் வியாபாரிகள் காய்கறிக் கழிவை மூட்டை கட்டி அனுப்பினார்கள். நிவாரணப் பணி செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தார் தீவனமும் கால்நடை மருத்துவரும் அனுப்பினார்கள். கிடை தினமும் இடம் மாறும் என்பதால் மந்தை இருக்கும் வயலுக்கே அவர்கள் வந்து சேர, வழிகாட்டியாக அத்தா வண்டியில் முன்னால் போனார். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் கறி வாசனை குறைவு. அம்மா அதைச் சொல்லிக் காட்டாத நாளும் இல்லை, கிடைக்குக் கஞ்சி கொடுத்தனுப்பாத நாளும் இல்லை.

ஐப்பசியில் மழை இறங்கியது. கிடை மடக்கிய இடமெல்லாம் பயிர் கரும்பச்சையாக ஏறி நின்றது. ஆடு படுத்த கட்டம் எது, படுக்காத கட்டம் எது என்று சாலையிலிருந்தே சொல்லலாம். அனந்தபுரத்து விவசாயி அத்தாவுக்குப் போன் செய்து, "பாய், மறு வருசம் கிடை சும்மா வேணாம், ஆனா மொதல்ல எனக்குத்தான்," என்றார்.

குட்டிகள் பிறந்தன. அதற்கு முன்பே மந்தையை இழந்திருந்த வீடுகளுக்கு, ஏழுமலை மாமாவும் மற்றவர்களும் பெட்டைக் குட்டிகளை வாரத்துக்கு விட்டார்கள். வளர்ப்பவருக்குப் பாதி, கொடுத்தவருக்குப் பாதி என்னும் பழைய ஏற்பாடு. செங்கல் சூளைக்குப் போயிருந்த இரண்டு குடும்பங்கள் மீண்டும் கோல் எடுத்தன.

அத்தாவின் இதயம் பிறகு களைத்துவிட்டது. கடைசி நாட்களில் பேச்சு அடங்கிவிட்டது. பார்க்க வந்த ஏழுமலை மாமா கட்டிலோரம் அமர்ந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து இருவர் கைமேலும் போட்டார். வெகு நேரம் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்ததும் கேட்டேன்: "அத்தா இன்னா சொன்னாங்க மாமா?"

"இன்னா சொல்லுவாரு? நான் நீட்டுன வெரலயெல்லாம் மடக்கிவுட்டாரும்மா."

அத்தாவுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவருக்கும் செவிலியருக்கும், இரவு பகலாக உடனிருந்த தெருவாருக்கும், ஜனாஸாவைத் தோளில் சுமந்தவர்களுக்கும், புழுதிக் காலோடு வந்து பள்ளிவாசலுக்கு வெளியே தலைத்துண்டை அவிழ்த்து நின்ற கிடைக்காரர்களுக்கும், கொடி தந்த கைகளுக்கும், இன்றுவரை திட்டிக்கொண்டே எங்களைத் தாங்கும் அம்மாவுக்கும் எங்கள் நன்றி. இறைவன் உங்கள் மந்தைகளையும் மக்களையும் பெருக்குவானாக.

இவ்வாண்டும் மழை சற்றுப் பிந்துகிறது. சென்ற வெள்ளிக்கிழமை சந்தை வழியாகப் பேருந்துக்குப் போனேன். முன்பின் தெரியாத ஓர் இளைஞர் இரண்டு சினை ஆடுகளோடு நின்றார். ஏழுமலை மாமா அவரிடம் போய்த் துண்டைப் போட்டார். மாமா வியாபாரி அல்லர், ஆடு வாங்க வந்தவரும் அல்லர். அந்த இளைஞர் துண்டுக்கடியிலிருந்து கையை எடுத்தபோது, அது மடிந்தே இருந்தது.