மீசை நீண்ட கெளுத்தி

அப்பா மீன் பையை நீட்டினால் நான் முதலில் மீனின் முகத்தைத்தான் பார்ப்பேன். அந்த ஞாயிறும் அப்படித்தான்.

"பாசார்ல வாங்கினேன்மா. ரெண்டு கெளுத்தி. கறி வை."

குளுவாங் சந்தையில் எனக்குத் தெரிந்து வளர்ப்புக் கெளுத்திதான் கிடைக்கும். சிமெண்டுத் தொட்டியில் நெருக்கியடித்து வளர்வதால் துடுப்பின் ஓரமெல்லாம் கிழிந்து, மீசை தேய்ந்து கட்டையாக இருக்கும். பெரிய தலை, தொப்பை வயிறு, வெளிறிய சாம்பல் தோல். உட்கார்ந்து தின்ற உடம்பு. பையில் இருந்தவையோ ஒல்லியாக, கருத்து, அடிவயிறு மஞ்சளோடிக் கிடந்தன. மீசை நூல்போல என் விரலில் சுற்றிக்கொண்டது. வயிற்றைக் கீறினேன். கொழுப்பே இல்லை, அரைகுறையாகச் செரித்த இறால் ஒன்று இருந்தது. தீவனம் தின்கிற மீனின் வயிற்றில் இறாலுக்கு என்ன வேலை?

மனுஷன் ஆற்றுக்குப் போயிருக்கிறார்.

போன வருடம் தூண்டில் போடும்போது மயங்கி ஆற்றில் விழுந்தவர் அவர். பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த மலாய்க்காரர் ஒருவர் இழுத்துக் கரையில் போட்டதால் பிழைத்தார். இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்த டாக்டர், தண்ணீர்ப் பக்கம் தனியாகப் போகவே கூடாது என்றார். அப்பாவும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

"எந்தக் கடைப்பா?"

"மூலைக் கடைதான் லா."

"மூலைக் கடை மீனுக்கு மீசை இவ்ளோ நீளமா?"

அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார். நான் கத்தினேன், பிறகு அழுதேன். கடைசியில், "சரி, இனிமே போகல, போதுமா?" என்றார். அந்த வாரம் முழுக்க ஃபேக்டரியில் போன் அடித்தபோதெல்லாம் ஓடிப்போய் எடுத்தேன்.

அடுத்த ஞாயிறு ஓவர்டைம் முடிந்து வந்தேன். வாசலிலேயே பையைப் பிரித்துக் காட்டினார்.

"நீயே பாரு."

கட்டை மீசை. கிழிந்த துடுப்பு. கீறியதும் வயிற்றில் கட்டி கட்டியாகக் கொழுப்பு. ஆற்றுமீன் ருசிக்கு முன்னால் நிற்காத மீன்தான், ஆனாலும் அதைக் கொஞ்ச வேண்டும் போலிருந்தது. சந்தோஷத்தில் அவருக்குத் தேநீர் போட்டு எடுத்து வந்தேன்.

நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கணுக்காலில் மெல்லிய கோடாக ரத்தம் வழிந்து, தரையில் சொட்டியிருந்தது.

"என்னப்பா இது?"

"பஸ் ஸ்டாப்ல கொசு கடிச்சிருக்கும்மா."

கொசு கடித்து ரத்தம் இப்படி ஓடி நான் பார்த்ததில்லை. பஞ்சு எடுத்து வந்து அழுத்திப் பிடித்தேன். கத்தத் தெம்பில்லை. மீன் மட்டும்தான் சந்தையிலிருந்து வந்திருக்கிறது.

"அடுத்த வாரம் ஓவர்டைம் வேணாம்னு சொல்லிடுறேன். உங்க பஸ் ஸ்டாப்புக்கு நானும் வர்றேன்."

அப்பா தேநீரை ஆற்றி ஒரு வாய் குடித்தார்.

"பூட்ஸ் போட்டுக்கிட்டு வா. அங்க அட்டை ஜாஸ்தி."