சும்மா உட்கார நூறு மணி நேரம்

அவர் ஆஸ்பத்திரியில் எங்கள் பிரிவுக்கு வந்தது சக்கர நாற்காலியைத் திருப்பிக் கொடுக்க. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற பெண்மணி. வேனின் கடைசி சீட்டைக் கழற்றிவிட்டு, நாற்காலியை மடக்கிப் படுக்கப்போட்டுக் கொண்டுவந்திருந்தார். யாரையும் ஒரு கை பிடிக்கச் சொல்லவில்லை. தானே இறக்கி, விரித்து, நடைபாதை முழுக்கத் தள்ளிக்கொண்டு வந்து என் மேஜைக்கு முன்னால் நிறுத்தி பிரேக் போட்டார்.

"சேரைக் குடுக்க வந்தேன், மேடம்."

"உங்க வீட்டுக்காரர் இப்ப எப்படி இருக்கார்?" என்று கேட்டுவிட்டேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நாற்காலி திரும்பி வந்தால் ஒன்று ஆள் நடக்கிறார், இல்லையென்றால் ஆள் இல்லை.

"போய்ட்டார். எட்டு மாசமாச்சு. சளி நெஞ்சுல கட்டிக்கிச்சு."

எட்டு மணி பஸ் போய்விட்டது என்று சொல்கிற குரல். பிறகு, "எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார்.

எனக்கு அவரை நன்றாக நினைவிருந்தது. நாலரை வருடத்துக்கு முன்னால் என்னைத் தன் வீட்டிலிருந்து வெளியே அனுப்பியவர் அவர்தான்.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், சுருக்கமாக ஓ.டி. பக்கவாதம் வந்தவர்களை, தலையில் அடிபட்டவர்களை, சட்டை போட, பல் தேய்க்க, ஒரு டீ போட்டுக் குடிக்க, தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளத் திரும்பப் பழக்குவது எங்கள் வேலை. அப்போது நான் வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவருடைய கணவர் பிளம்பர். மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் போட்ட ஏணியிலிருந்து விழுந்து தலையில் அடி. வலது கையும் காலும் பேச்சைக் கேட்கவில்லை. பேச்சும் இழுத்தது. வாரம் ஒரு நாள் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்க என்னை அனுப்பினார்கள்.

மூன்றாவது தடவை போனபோது சட்டைப் பட்டன். கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, பெரிய பட்டன் வைத்த சட்டை ஒன்றைக் கொடுத்தேன். பட்டன் துளையின் பக்கம் போகும், வழுக்கும், திரும்பப் போகும். நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது. வேன்காரம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். மூன்று தடவை கையை நீட்டினார். மூன்று தடவையும் நான், "நீங்க தொடாதீங்க" என்றேன். அந்த மனிதர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் அழுதுவிட்டார்.

"அவரை அழவைக்கத்தான் வாராவாரம் வர்றீங்களா?" என்றார் அவர். சத்தம் போடவில்லை. பட்டனைத் தானே போட்டுவிட்டு என் பையை எடுத்துக் கையில் கொடுத்தார். "இனிமே வராதீங்க. எங்க வீட்டுக்காரரை நான் பார்த்துக்குவேன்."

நான் திரும்பி வந்து ஃபைலில் 'குடும்பத்தினர் மறுப்பு' என்று எழுதி மூடினேன். மேலே ஒரு வார்த்தை எழுதவில்லை. திரும்ப ஒரு தடவை போகவும் இல்லை. எனக்கும் ரோஷம்.

அதற்குப் பிறகு சொன்னதை அவர் அப்படியே செய்தார். காலையில் எழுப்பிக் குளிப்பாட்டி, சட்டை போட்டு, ஊட்டிவிட்டு, பிள்ளைகளை ஏற்றப் போவார். ஒன்பதரைக்குத் திரும்பி வந்து மறுபடியும் ஊட்டுவார், தண்ணீர் குடிக்க வைப்பார், ஷேவ் செய்துவிடுவார். இரண்டரைக்கு மறுபடி வேன். நான்கு வருடத்தில் ஒரே ஒரு நாள்கூட கணவர் உடம்பில் அழுக்குச் சட்டை இருந்ததில்லை என்று பின்னால் என்னிடம் சொன்னார். அது பொய்யில்லை என்று நம்புகிறேன்.

நாற்காலிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பியவர், கதவுக்குப் பக்கத்தில் இருந்த அறிவிப்புப் பலகையின் முன்னால் நின்றார். அதில் தன்னார்வலர்களுக்கான தாள் ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரியோடு சேர்ந்த எங்கள் கல்லூரியில் முதலாண்டு மாணவர்கள் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் நூறு மணி நேரம் வார்டில் சம்பளமில்லாமல் வேலை செய்ய வேண்டும். வெளியாட்களும் சேரலாம். நூறு மணி நேரம் முடித்த வெளியாட்கள், வேண்டுமானால் உதவியாளர் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

"இதுல என்ன பண்ணணும்?"

"பெருசா ஒண்ணும் இல்ல. நோயாளிகூட உட்காரணும். அவங்க செய்யறதைப் பார்க்கணும்."

"சும்மா உட்கார்றதுக்கா ஆள் தேடறீங்க?"

"அது அவ்வளவு சுலபம் இல்லைக்கா."

"எனக்கு ஒன்பதரைலேருந்து ரெண்டே கால் வரைக்கும் வேலை இல்ல" என்றார். "வீட்டுக்குப் போறதில்ல. வேனைத் தெரு முனையில போட்டுட்டு உள்ளயே உட்கார்ந்திருக்கேன். இங்கன்னா ஃபேனாவது இருக்கு."

அப்படித்தான் சேர்ந்தார். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. வேறு ஊரில் வேலை பார்க்கும் மகளிடம் போனில், "ஓ.டி. டிபார்ட்மென்ட்ல சேர்ந்திருக்கேன்" என்று சொல்லியிருக்கிறார். மகள் பதறிப்போய், "ஆபரேஷன் தியேட்டர்லயா? ரத்தத்தைப் பார்த்தா மயங்கி விழுவியேம்மா!" என்றாளாம். இதை எனக்குச் சொல்லும்போதும் அவர் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன்.

முதல் வாரம் அவரால் பெரிய தொல்லை. எங்கள் பயிற்சி அறையில் ஒரு சமையல் மேடை, ஒரு கட்டில், ஒரு வாஷ்பேசின், பட்டன், ஜிப், கொக்கி எல்லாம் தைத்த ஒரு பலகை. அவர் வந்த இரண்டு நாளில் எல்லாம் பளபளவென்று ஆகிவிட்டது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. யார் கையிலாவது டம்ளர் லேசாகச் சாய்ந்தால் போதும், அறையின் அந்தப் பக்கத்திலிருந்து பாய்ந்து வந்து பிடித்துவிடுவார். யார் செருப்பு மாட்டத் தடுமாறினாலும் குனிந்து மாட்டிவிடுவார். முதலாண்டுப் பிள்ளைகள் அவருக்கு 'வேன் அக்கா' என்று பெயர் வைத்து, "வேன் அக்கா இருந்தா நம்ம பேஷன்ட் யாரும் குணமாக மாட்டாங்க" என்று கிண்டல் செய்தார்கள். அது அவர் காதில் விழுந்தது. நான் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

நான் அவரை ஒரு தபால்காரரோடு உட்கார வைத்தேன். பக்கவாதம், வலது கை. ஐம்பத்தைந்து வயது, வாய் மட்டும் முழு ஆரோக்கியம். டீ போடப் பழகிக்கொண்டிருந்தார். வேன் அக்கா பக்கத்து ஸ்டூலில். பால் சிந்தியது. அவர் எழுந்தார்.

"அக்கா, கை" என்றேன்.

உட்கார்ந்தார். சர்க்கரை சிந்தியது. மறுபடி எழுந்தார்.

"கை."

அதற்குப் பிறகு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். தினமும் அப்படித்தான். தபால்காரர், "என்ன தங்கச்சி, கை ரெண்டையும் அடமானம் வச்சிட்டியா?" என்பார். "ஆமாண்ணே" என்பார் இவர். மணிக்கணக்கில் அப்படியே உட்கார்ந்து, சிந்துவதையும் கொட்டுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும் நேரம் எழுந்தால் இரண்டு கையும் மரத்துப்போய் இருக்கும். உதறி உதறிச் சரிசெய்துகொண்டு வேன் சாவியை எடுப்பார்.

ஏழாவது வாரம் தபால்காரர் சட்டை போட்டார். முழுச் சட்டை, ஐந்து பட்டன், ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒருவர் கையும் படாமல். பத்தொன்பது நிமிடம். கடைசிப் பட்டன் உள்ளே போனதும், "யாராவது பொண்ணு பாருங்கப்பா, மாப்பிள்ளை ரெடி" என்றார். அறையே கைதட்டியது. வேன் அக்கா தட்டவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வெளியே போனார்.

நேரமாகிவிட்டது, கிளம்புகிறார் என்று நினைத்தேன். இரண்டே முக்காலுக்கு நான் கல்லூரிக் கட்டடத்துக்குப் போகும்போது வேன் நின்ற இடத்திலேயே நின்றது. அவர் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தார். சாவி போட்டிருந்தது, திருகவில்லை.

"அக்கா, பிள்ளைங்க காத்திருப்பாங்களே."

"மேடம், எங்க வீட்டுக்காரருக்கும் இது வந்திருக்குமா?"

எதைக் கேட்கிறார் என்று புரியாத மாதிரி நடிக்க ஒரு நொடி எனக்கு வாய்ப்பு இருந்தது. நடிக்கவில்லை.

"வந்திருக்கலாம். எவ்வளவுன்னு சொல்ல முடியாது. அடி பெருசு. ஆனா கொஞ்சம் வந்திருக்கலாம்."

"சட்டை?"

"சட்டை வந்திருக்கும்னுதான் நினைக்கிறேன்."

"ம்" என்றார்.

நான் அங்கேயே நின்றேன். இத்தனை வருடம் சொல்லாததையும் சொன்னேன். "நான் உங்ககிட்ட ஏன் தொடக் கூடாதுன்னு சொல்லவே இல்லக்கா. தொடாதீங்க, தொடாதீங்கன்னு மட்டும் சொன்னேன். நீங்க போகச் சொன்னதும் ஃபைலை மூடிட்டேன்."

நீங்கள் சொன்னாலும் நான் கேட்டிருக்க மாட்டேன் என்று அவர் சொல்வார், அதோடு எனக்குப் பாரம் இறங்கும் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன்போல. அவர் அப்படிச் சொல்லவில்லை.

"சொல்லியிருக்கலாம்" என்றார். வண்டியைக் கிளப்பினார்.

பதினான்கு வருடத்தில் அன்றுதான் முதல் தடவையாகப் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போனார். இரண்டு பெற்றோர் புகார் சொன்னார்களாம்.

மறுநாள் வரமாட்டார் என்று நினைத்தேன். ஒன்பது முப்பத்தைந்துக்கு வந்தார். பதிவேட்டில் நேரம் எழுதினார். ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கையின் மேல் உட்கார்ந்தார். அப்படியே இரண்டு வாரம். அவர் முகத்தை வைத்து நான் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு ஒருநாள் அவரே சொன்னார்: "அழணும்னு தோணுது மேடம். வரமாட்டேங்குது. வாய் கொப்பளிக்கிற தண்ணி மாதிரி உள்ளயே சுத்திட்டு இருக்கு."

முதலாண்டு வகுப்பில் குடும்பத்தினரிடம் எப்படிப் பேசுவது என்று ஒரு பாடம் இருக்கிறது. புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம். அந்த ஒன்றரைப் பக்கத்தை நானும் படித்துத் தேறியவள்தான். அந்த வருடம் பாடம் நடத்தும் நாள் வந்தபோது, நீங்கள் வந்து பேசுவீர்களா என்று அவரிடம் கேட்டேன். "எனக்கு என்ன தெரியும்?" என்றார். ஆனால் வந்தார்.

முப்பது பிள்ளைகள். கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எந்தத் தெருவில் திரும்பி எந்த வீட்டில் எந்தப் பிள்ளையை ஏற்ற வேண்டும் என்று புது டிரைவருக்கு வழி சொல்வதைப் போலச் சொன்னார். ஏணி, ஆஸ்பத்திரி, பட்டன், என்னை அனுப்பியது. "இந்த மேடம்தான்" என்று என்னைக் கையால் காட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "நாலு வருஷம் நான்தான் போட்டுவிட்டேன். மொதல்ல இடது கையால கொஞ்சம் முயற்சி பண்ணுவார். அப்புறம் அதுவும் இல்ல. காலையில எழுந்ததும் ரெண்டு கையையும் நீட்டிட்டு உட்கார்ந்திருப்பார். நான் நல்லா பார்த்துக்கறேன்னு எல்லாரும் சொன்னாங்க."

முன் வரிசையில் ஒரு பெண் விசும்ப ஆரம்பித்தாள். வேன் அக்கா பேச்சை நிறுத்தி, இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையை எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

கடைசியில் ஒரு மாணவன் கேட்டான். "அன்னிக்கு மேடம் உங்ககிட்ட என்ன சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னைக் கடைக்கு அனுப்பியிருக்கலாம்" என்றார்.

"கடைக்கா?"

"ஆமா. பால் வாங்கிட்டு வாங்க, சோப்பு வாங்கிட்டு வாங்கன்னு. அவர் என் முகத்தைப் பார்த்துத்தான் அழுதார். பட்டனைப் பார்த்து அழல. நான் அங்க இல்லைன்னா போட்டிருப்பார்."

எனக்கு இது தோன்றியதே இல்லை. எந்தப் பாடத்திலும் நான் படித்ததும் இல்லை. அன்று மாலையே குறிப்பு எழுதிப் பிரிவுத் தலைவரிடம் கொடுத்தேன். முதல் தடவை ஒரு வேலையை முயன்று பார்க்கும்போது குடும்பத்தினரைக் கால் மணி நேரம் வெளியே உட்காரவைப்பது, ஏன் என்று அவர்களிடம் விளக்கமாகச் சொல்வது, அவர்களோடு ஓர் ஆள் கூட இருப்பது. தலைவர் படித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாள் ஏன் பண்ணல?" என்றார்.

கூட இருக்கும் ஆள் யார் என்று யாரும் கேட்கவில்லை. நூறு மணி நேரம் எப்போதோ தாண்டிவிட்டிருந்தது. அந்த வாரம் நான் சான்றிதழில் கையெழுத்துப் போட்டு, உதவியாளர் படிப்புக்கான விண்ணப்பத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார். "பிள்ளைங்களை யார் ஏத்துவாங்க? இந்த வயசுல பரீட்சையெல்லாம் எழுதமாட்டேன். வெளிய பெஞ்சுல உட்கார்றதுன்னா சொல்லுங்க, வர்றேன்" என்றார். சான்றிதழை மடித்து வேனில் ஆர்.சி. புத்தகத்தோடு வைத்தார்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் நடைபாதை பெஞ்சில் உட்காருகிறார். பக்கத்தில் யாருடைய மனைவியோ, அம்மாவோ, மகனோ. உள்ளே ஏதாவது கீழே விழும் சத்தம் கேட்டால் அவர்கள் துள்ளி எழுவார்கள். இவர் எழமாட்டார். "ஸ்பூன்தான். எடுத்துக்குவாங்க" என்பார். தன் கதையை அவர்கள் எல்லோருக்கும் சொல்வதில்லை. கேட்டால் சொல்வார், இரண்டு வரியில். ஒருமுறை ஓர் அம்மாள் கோபப்பட்டு, "உனக்கென்னம்மா, நீ சுலபமா சொல்லுவே" என்று கத்தினார். அதற்கும், "கத்துங்க, கால் மணி நேரம் சீக்கிரம் போயிடும்" என்றார்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை லீவு கேட்டார். மகள் வருகிறாள், ஸ்டேஷனுக்குப் போக வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமை வந்தபோது கண் இரண்டும் வீங்கியிருந்தன. நான் கேட்கலாமா வேண்டாமா என்று பேனாவை உருட்டிக்கொண்டிருந்தேன். அவர் பதிவேட்டில் நேரத்தை எழுதிவிட்டு, அதே வழி சொல்லும் குரலில் சொன்னார்.

"நேத்து அவளும் நானும் சாப்பாடு எடுத்து வச்சுட்டு உட்கார்ந்தோம். திடீர்னு வந்துடுச்சு மேடம். ரெண்டு பேருக்கும். ஒரு மணி நேரம். சாப்பாடெல்லாம் ஆறிப்போச்சு."

"அப்புறம்?"

"சூடு பண்ணிச் சாப்பிட்டோம்" என்றார். "இன்னிக்கு வெளிய யார் உட்கார்றாங்க?"

புதிதாக வார்டில் சேர்ந்த ஒரு மெக்கானிக்கின் தம்பி என்று சொன்னேன். தலையாட்டிவிட்டு நடைபாதைக்குப் போனார்.